நரம்பின் தூதுவனும் வயலின் நஞ்சும்

வயலில் மருந்து தெளித்துவிட்டு வீடு திரும்பிய உழவர் ஒருவர் திண்ணையில் சாய்கிறார். உடல் வியர்வையில் நனைகிறது; எச்சில் ஊறி வழிகிறது; கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குகிறது; தசைகள் துடிக்கின்றன; மூச்சுத் திணறுகிறது. வெயிலின் கொடுமையென எண்ணி வீட்டார் மோர் கொடுக்கின்றனர். அவர் உடலில் நிகழ்வதோ வேறு. அதனை விளங்கிக்கொள்ள, நம் நரம்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நமது மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. மின்கம்பிகளைப்போல் இவை முறுக்கிப் பிணைக்கப்பட்டவை அல்ல. பெரும்பாலான இடங்களில், ஓர் அணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறுகளாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் அகலம். நரம்பினுள் செய்தி மின்துடிப்பாய் ஓடுகிறது. இடைவெளியை அது கடப்பது எங்ஙனம்? மின்பொறியாகவே தாவுகிறது என்றனர் சில அறிஞர். வேதிப்பொருள் ஒன்று தூது செல்கிறது என்றனர் வேறு சிலர்.

இவ்வழக்கிற்கு விடை காட்டியவர், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பேராசிரியராயிருந்த ஓட்டோ லோவி. உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரவில் ஓர் எண்ணம் தோன்றி விழித்ததாகவும், அதனைத் துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டு உறங்கியதாகவும், காலையில் தம் எழுத்தைத் தம்மாலேயே படிக்க இயலவில்லை என்றும் பின்னாளில் அவரே எழுதினார். மறுநாள் இரவு மூன்று மணிக்கு அவ்வெண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை அவர் தாளைத் தேடவில்லை. நேரே ஆய்வுக்கூடம் சென்றார்.

இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்தார். ஒன்றில் வேகஸ் நரம்பு இணைந்திருந்தது; மற்றதில் நரம்பில்லை. இரண்டும் உப்புநீரில் துடித்துக்கொண்டிருந்தன. முதல் இதயத்தின் நரம்பை மின்சாரத்தால் தூண்டவே, துடிப்பு மெதுவானது. அதிலிருந்த நீரை எடுத்து இரண்டாம் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பின் கட்டளையை நீரில் கலந்திருந்த ஏதோவொரு பொருளே சுமந்து சென்றது. 1921-இல் அவர் இம்முடிவை வெளியிட்டார். அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் உறுதியாயிற்று. அதனை முன்பே ஆராய்ந்திருந்த இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் லோவிக்கும் 1936-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நரம்பின் நுனியில் நுண்ணிய பைகளில் இத்தூதுவன் காத்திருக்கிறான். மின்துடிப்பு வந்ததும் பைகள் திறக்கின்றன. தூதுவன் இடைவெளியைக் கடந்து, மறுகரையில் தனக்கென அமைந்த ஏற்பியில் பூட்டுக்குள் சாவிபோல் பொருந்துகிறான். கைத்தசையில் அவன் வரவு சுருங்கு என்னும் கட்டளை. இதயத்திலோ மெதுவாகு என்னும் கட்டளை. செய்தி சொல்லி முடிந்ததும் அவன் அகன்றாக வேண்டும். இன்றேல் கட்டளை ஓயாது. இதற்கெனவே அங்குள்ள ஒரு நொதி, அவனை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் சிதைத்துவிடுகிறது.

குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. தூதுவர் குவிகின்றனர், கட்டளை ஓயாது ஒலிக்கிறது, பூச்சி மடிகிறது. ஆனால் அதே நொதி நம் உடலிலும் உண்டு. திண்ணையில் சாய்ந்தவரின் வியர்வையும் எச்சிலும் துடிப்பும் ஓயாத அக்கட்டளையின் விளைவே. இறுதியில் மூச்சுத்தசைகள் களைத்துச் செயலிழக்கின்றன. நாம் மருந்து என்று அழைப்பது இத்தகைய நஞ்சு. அது வாய்வழி மட்டுமன்று, தோல்வழியும் புகும்.

ஆகவே, இக்குறிகளைக் கண்டால் மோர் கொடுத்துக் காத்திருத்தல் ஆகாது. வாந்தியெடுக்கச் செய்தலும் ஆகாது. உதவுவோர் தம் கைகளில் நஞ்சு படாமல் காத்துக்கொண்டு, நனைந்த உடைகளைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு அவர் உடலைக் கழுவ வேண்டும். இதில் காலம் கடத்தாமல், மருந்துப் புட்டியின் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தூதுவன் ஏற்பியை அடையாமல் பல இடங்களில் தடுக்கும் அட்ரோபின் என்னும் மருந்து அங்குண்டு. மூச்சுக்குத் துணைசெய்யும் கருவியும் உண்டு.

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, குளிர்பானப் புட்டியில் ஊற்றிய பூச்சிமருந்தைச் சமையலறைப் பரணில் நாம் கண்டதுண்டு. தாகமெடுத்த குழந்தைக்கு அது பானம். மனமுடைந்த ஒருவருக்கு அது கைக்கெட்டிய முடிவு. அன்புக் குடும்பத்தாரே, அதனை அதற்குரிய கலனிலேயே, வீட்டிற்கு வெளியே பூட்டி வையுங்கள். துயரத்தின் வேகத்தில் நீளும் கைக்கு அது எட்டாதிருக்கட்டும். அந்த ஓர் இரவு கடந்தால், மறுநாள் அவரோடு அமர்ந்து பேச நமக்கு வாய்ப்புக் கிட்டும்.