சாப்பிடச் சிரமப்படும் குழந்தைக்கு எடை ஏறும் விதம்

கிராமங்களில் தாய்மார் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. குழந்தை வாயைத் திறப்பதில்லை, இரண்டு வாய் வாங்கினால் மூன்றாவதைத் துப்பிவிடுகிறது, உடம்பு தேறவில்லை என்பதே அது. இதற்குப் பெரும்பாலோர் செய்யும் பரிகாரம், கஞ்சியை இன்னும் நீர்க்கக் கரைத்துச் சங்கில் வார்த்துப் புகட்டுவது. இப்பரிகாரமே குழந்தையை மேலும் இளைக்கச் செய்கிறது.

குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லிலிட்டரே அது கொள்ளும். ஆறரைக் கிலோக் குழந்தை வயிறு நிரம்ப உண்டாலும் வேளைக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் செல்லாது. சிரமப்படும் குழந்தையோ அதில் பாதியோடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகையால் அளவைக் கூட்ட முயல்வதிற் பயனில்லை. ஒவ்வொரு வாயிலும் அடங்கிய சத்தைக் கூட்டவேண்டும்.

என் இளைய பெண் பத்து மாதக் குழந்தையாயிருந்தபோது, எடை இரண்டு மாதமாக 6½ கிலோவிலேயே நின்றுவிட்டது. வைத்தியர் வாயையும் மார்பையும் பரிசோதித்து நோயொன்றுமில்லை என்றார். கணக்குத் தணிக்கை செய்வது என் தொழிலாதலால், வீட்டிற் கொடுத்த கஞ்சியையும் அவ்விதமே தணிக்கை செய்தேன். வேளைக்கு 100 மில்லிலிட்டர் கஞ்சி; அதிற் கேழ்வரகு மாவு 5 கிராம்; அது தருவது சுமார் 16 கலோரி. நான்கு வேளைக்கு 64. ஒன்பது முதல் பதினொரு மாதம் வரையுள்ள குழந்தைக்கோ, தாய்ப்பால் நீங்கலாக, ஆகாரத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 300 கலோரி வேண்டும். வரவு 64, செலவு 300 என்றால் எந்தப் பேரேடு தாங்கும்?

மாவை 15 கிராமாக உயர்த்தினாற் கஞ்சி களியாக இறுகிவிடும்; குழந்தையால் விழுங்க முடியாது. இவ்விடத்தில் உதவுவது முளைமாவு. கேழ்வரகைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து, இரண்டு நாள் முளைகட்ட விடவேண்டும். பூஞ்சை பூத்தாலும் துர்நாற்றம் வீசினாலும் எறிந்துவிடுவது உசிதம். முளைத்ததை நன்கு காயவைத்து, முளையைத் தேய்த்துப் புடைத்துவிட்டு, இலேசாக வறுத்து அரைத்துக்கொள்ளலாம். கருக வறுத்தாற் குணம் போய்விடும். ஏனெனில், முளைக்கும்போது தானியத்தில் அமிலேஸ் என்னும் ஒரு நொதி பெருகுகிறது. மாப்பொருளை அறுத்து இளக்குவது அதுவே. கெட்டிக் கஞ்சியை இறக்கி, கொதி அடங்கியபின், சூடு ஆறுமுன் ஒரு தேக்கரண்டி முளைமாவு கலந்து சற்று நேரம் கிளறினால், கஞ்சி தானே தளர்ந்துவிடும். நீர் சேர்க்க வேண்டுவதில்லை, சத்தும் குறைவதில்லை. பிறகு மீண்டும் ஒரு கொதி வரவிட்டு ஆற்றிக் கொடுக்கவேண்டும். இன்று அங்கன்வாடிகளில் வழங்கும் சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு சேர்ந்திருக்கிறது.

இத்துடன் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால் மேலும் 40 கலோரி. எண்ணெய் விட்டால் மாந்தம் வரும் என்று என் தாயார் தடுத்தார்கள். அரைக் கரண்டியில் தொடங்கிப் பழக்கியதில் ஒன்றும் நேரவில்லை. இப்பொழுது ஒரு வேளைக் கஞ்சி அதே 100 மில்லிலிட்டர்தான். கிடைப்பதோ சுமார் 90 கலோரி. நான்கு வேளைக்கு 360. அடுத்த இரண்டு மாதத்தில் எடை 600 கிராம் ஏறிற்று. கேழ்வரகு மட்டும் போதாதென்பதையும் சொல்லவேண்டும். மசித்த பருப்பு, முட்டை, கீரை இவையும் நாள்தோறும் சிறிது சிறிது வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைப்பது கூடாது; அதனாற் கொடிய விஷநோய் உண்டாகக்கூடும்.

புகட்டும் முறையும் கவனிக்கத்தக்கது. மல்லாத்திப் பிடித்து மூக்கை அடைத்து ஊற்றுவது ஆபத்து. கஞ்சி மூச்சுக்குழலிற் சென்று நுரையீரலைக் கெடுக்கும். மேலும், ஒருமுறை திணறிய குழந்தை மறுமுறை சங்கைக் கண்டாலே அழும். நிமிர உட்கார வைத்து, எதிரே இருந்து பேசிக்கொண்டே, சிறு கரண்டியாற் கொடுத்து, விழுங்கியபின் மறு வாய் கொடுக்கவேண்டும். அரைமணிக்குமேல் வற்புறுத்தாமல் நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று மணி கழித்து மறுபடி முயலலாம்.

மாதம் ஒருமுறை, ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்துவருவது இன்றியமையாதது. 1980-ல் மதுரை ஜில்லாவில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் உபரி ஆகாரம் கொடுத்தார்கள். மெலிவு கண்ணுக்குத் தெரியுமுன் தராசுக்குத் தெரிந்துவிடும்.

உண்ணும்போதெல்லாம் இருமல், மூச்சிரைப்பு, உதடு நீலித்தல், மூக்கு வழியே பால் வருதல், அண்ணத்திற் பிளவு, ஓயாத வாந்தி அல்லது பேதி, இரு பாதங்களிலும் வீக்கம், ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11½ சென்டிமீட்டருக்குக் குறைதல், இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் கஞ்சியை நம்பிக் காலங்கடத்தாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். எடைக் குறிப்பையும் கையோடு எடுத்துச்செல்வது நலம். வைத்தியர் முதலிற் கேட்பது அதைத்தான்.