சிகரத்தில் நிற்பவரும் படமெடுப்பவரும்

1953 மே 29 முற்பகல் 11.30 மணிக்கு எவரெஸ்டின் உச்சியை இருவர் அடைந்தனர். உலகம் கண்டதோ ஒருவரின் படத்தை மட்டுமே. பனிக்கோடரியில் கட்டிய கொடிகளை உயர்த்திப் பிடித்தபடி டென்சிங் நார்கே அதில் நிற்கிறார். படமெடுத்த எட்மண்ட் ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் கிடையாது. டென்சிங்குக்கு கேமராவை இயக்கத் தெரியாது, கற்றுக்கொடுக்க அது இடமுமல்ல என்று ஹிலாரி பின்னாளில் எழுதினார். தாம் எடுக்க முன்வந்ததாகவும் ஹிலாரி வேண்டாம் என்றதாகவும் டென்சிங் கூறினார். எப்படியாயினும், படமில்லை என்பதால் ஹிலாரியின் சாதனை மறுக்கப்படவில்லை. உச்சியிலிருந்து கீழிறங்கும் மலைமுகடுகளை அவர் திசைதோறும் படம் பிடித்து வந்திருந்தார். ஆள் எவரும் இல்லாத அந்தப் படங்களே உறுதியான சான்றாயின.

ஆள் நிற்கும் படத்தை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு அதற்கும் முந்தைய சான்று உண்டு. டெனாலி என்றும் அழைக்கப்படும் அலாஸ்காவின் மெக்கின்லி சிகரத்தை 1906-இல் எட்டிவிட்டதாக அமெரிக்கரான ஃபிரெடெரிக் குக் அறிவித்தார். 1908-இல் வெளியான அவரது நூலில், உடன் சென்ற எட் பாரில் கொடியோடு ஒரு பாறையுச்சியில் நிற்கும் படம் இடம்பெற்றது. 1910-இல் பெல்மோர் பிரவுனும் ஹெர்ஷல் பார்க்கரும் அந்தப் பாறையைத் தேடிக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் படமெடுத்தனர். அது மெக்கின்லியிலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி இருந்தது. அதன் உயரம் மெக்கின்லியின் 6,190 மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆளும் கொடியும் உண்மை, இடம்தான் பொய். காட்டிக்கொடுத்தவை பின்னணியில் இருந்த பாறைகள்.

பொருளியலில் இதைச் சமச்சீரற்ற தகவல் என்போம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் ஏதேனும் ஓர் அடையாளத்தை நம்புகிறார். அந்த அடையாளத்தைப் பெறுவது, தகுதியற்றவருக்குத் தகுதியுடையவரைவிட அதிகச் செலவு பிடிப்பதாக இருந்தால்தான் அது பயன்படும் என்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கினார். குக் தமது பொய்க்காகக்கூட அலாஸ்காவின் பனியில் நடக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு கணினி போதும். சிகரப் படத்தின் விலைமதிப்பு குறையவில்லை. அதைப் போலியாக உருவாக்கும் செலவுதான் ஏறக்குறைய இல்லாமற் போய்விட்டது.

விளைவு நம் நாட்டிலேயே தெரிந்தது. 2016-இல் எவரெஸ்ட் ஏறியதாக அறிவித்த மகாராஷ்டிரக் காவலர் தம்பதிக்கு நேபாள அரசு சான்றிதழும் வழங்கியது. அவர்கள் அளித்தது மற்றோர் இந்திய வீரரின் படத்தில் செய்த ஒட்டுவேலை எனத் தெரிந்ததும் சான்றிதழ் ரத்தாகி, பத்தாண்டுத் தடை வந்தது. அதே ஆண்டு ஏறியதாகச் சான்றிதழ் பெற்றிருந்த இன்னொருவரின் பெயர் 2020-இல் தேசிய சாகச விருதுக்கு அறிவிக்கப்பட்டது. பிறகே சக வீரர்கள் அவரது படத்தை உற்றுநோக்கினர். ஆக்சிஜன் முகமூடிக்கும் உருளைக்கும் இடையே குழாய் இல்லை. கண்ணாடியில் பனியோ மலையோ பிரதிபலிக்கவில்லை. 2021-இல் நேபாளம் அவருக்கும் தடை விதித்தது. அந்த விருது டென்சிங் நார்கேயின் பெயரில் வழங்கப்படுவது. அன்று நடந்ததை மறுத்துவந்த அவர், தடைக்காலம் முடிந்த 2022 மே மாதமே எவரெஸ்ட் ஏறினார்.

இந்த ஏமாற்றுகளைத் தனிமனித ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. படத்தை எடுப்பவர் யார் என்று கேட்டாக வேண்டும். 1953-இல் ஷெர்பா படத்துக்குள் இருந்தார். இன்றைய வணிகப் பயணங்களில் பெரும்பாலும் அவர் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறார். உச்சியில் அவரே முதன்மையான சாட்சி. ஆனால் அவருக்குக் கூலி தருபவர் படத்தில் நிற்பவர் அல்லது அவரிடம் பணம் பெற்ற நிறுவனம். உச்சியைத் தொட்டால் தனியே ஊக்கத்தொகை தருவது வழக்கம். அரசின் தொடர்பு அதிகாரியோ அடிவார முகாமைத் தாண்டுவதில்லை. தணிக்கை செய்யப்படுபவரே தணிக்கையாளருக்குச் சம்பளம் தரும் ஏற்பாடு இது. ஷெர்பாக்களின் நேர்மையைக் குறை சொல்வதாக இதை எவரும் கொள்ளலாகாது. அமைப்பு அவர்களை நிறுத்தியிருக்கும் இடத்தைச் சொல்கிறேன்.

வெளியாள் ஒருவர் சரிபார்த்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. காத்மாண்டுவில் வாழ்ந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் எலிசபெத் ஹாலி ஒருபோதும் சிகரம் ஏறியவரல்லர். ஆனால் இறங்கி வந்தவர்களைத் துருவித் துருவிக் கேட்டுப் பல்லாண்டுகள் பதிவேடு வைத்தார். அதன் வழிவந்ததே ‘ஹிமாலயன் டேட்டாபேஸ்’.

8,163 மீட்டர் உயரமுள்ள மனாஸ்லுவில் 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியர் ஒருவர் ட்ரோன் மூலம் படமெடுத்தார். பலரும் காலங்காலமாக வெற்றிப் படம் எடுத்துக்கொண்ட முகடும், அதற்கு அப்பால் சற்று உயர்ந்து நிற்கும் உண்மையான உச்சியை நோக்கி ஒரு சிறு குழு செல்வதும் ஒரே சட்டத்தில் பதிவாயின. முகட்டில் நின்றவர்கள் எல்லாரும் பொய்யர்கள் அல்லர். தங்கள் படத்தில் தெரியாத உச்சியைப் பற்றி அவர்களில் பலர் அறிந்திருக்கவே மாட்டார்கள். 2022 முதல் அந்தப் பதிவேடு, உண்மையான உச்சியை அடைந்தவர்களை மட்டுமே மனாஸ்லு ஏறியவர்களாகக் கணக்கில் கொள்கிறது.