சிறிய மாவட்டத்தில் தொடக்கக் கல்வி: நிதியும் தேர்ச்சியும்

கல்விக்கு எவ்வளவு செலவிடப்படுகிறது என்ற வினாவுக்கு விடை காண்பது எளிது. அச்செலவு வகுப்பறையில் என்ன பயன் தந்தது என்பதை அளப்பதுதான் கடினம். மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டங்களில் இக்கடினம் இரட்டிப்பாகிறது. இமாசலப் பிரதேசத்தின் லாகவுல்–ஸ்பிதி மாவட்டம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

1960ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக அமைக்கப்பட்ட இப்பகுதியின் பரப்பு 13,800 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையோ 31,564 மட்டுமே. அதாவது சதுர கிலோமீட்டருக்கு இருவர். லாகவுலையும் ஸ்பிதியையும் 4,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த குன்சும் கணவாய் பிரிக்கிறது. குளிர்காலத்தில் பனி அக்கணவாயை அடைத்துவிடும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை மணாலியையும் லாகவுலையும் நெருக்கமாக்கியது. ஆயினும் உட்கிராமங்களின் தனிமை முற்றிலும் நீங்கிவிடவில்லை.

பரவலாக்கத்தின் சாதனை

இமாசலப் பிரதேசத்தில் 1971ல் சுமார் 32 சதவீதமாக இருந்த எழுத்தறிவு 2011ல் 82.8 சதவீதமாக உயர்ந்தது. லாகவுல்–ஸ்பிதியிலும் அது 76.8 சதவீதத்தை எட்டியது. சிற்றூர்தோறும் பள்ளி திறந்த கொள்கைக்கு இவ்வெற்றியில் பெரும் பங்கு உண்டு. குழந்தை நடந்து செல்லக்கூடிய தொலைவில் பள்ளி இருந்ததால், பெண் குழந்தைகளும் தயக்கமின்றிச் சேர்க்கப்பட்டனர்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இக்கொள்கைக்குச் சட்ட வலிமை அளித்தது. 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரு ஆசிரியர்கள், ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 பாட நேரங்கள் என்பவை அச்சட்டம் வகுத்த அளவுகள்.

நிதி வரும் வழி

ஆசிரியர் ஊதியத்தின் பெரும்பகுதியை மாநில அரசே ஏற்கிறது. 2018ல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில், இமாசலம் போன்ற மலை மாநிலங்களுக்கு மத்திய அரசு 90 சதவீதமும் மாநிலம் 10 சதவீதமும் அளிக்கின்றன. பெரும்பாலான பிற மாநிலங்களில் இவ்விகிதம் 60:40 ஆகும்.

இத்திட்டத்தின் கீழ் பள்ளிக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் ஒருங்கிணைந்த மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 2021ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ரூ.10,000, 101 முதல் 250 வரை உள்ள பள்ளிக்கு ரூ.50,000. எட்டுக் குழந்தைகள் படிக்கும் பள்ளி குழந்தைக்கு ரூ.1,250 பெறுகிறது, 250 குழந்தைகள் உள்ள பள்ளி ரூ.200 மட்டுமே பெறுகிறது. ஏட்டளவில் சிறிய பள்ளி சலுகை பெற்றதாகத் தோன்றும். ஆனால் கூரையின் மீது விழும் பனி மாணவர் தொகையைப் பார்த்து விழுவதில்லை. அறையைச் சூடாக்குதல், கழிப்பறை பராமரிப்பு, பொருள்களை மலையேற்றும் கூலி ஆகியவை எட்டுப் பேருக்கும் எண்பது பேருக்கும் ஏறக்குறைய ஒன்றே. ரூ.10,000 கொண்டு ஓராண்டு முழுவதும் இவற்றைச் சமாளிக்க வேண்டும்.

நிதி வரும் காலமும் முக்கியமானது. முந்தைய தவணையின் பயன்பாட்டுச் சான்று சென்ற பின்பே அடுத்த தவணை விடுவிக்கப்படுகிறது. கட்டுமானப் பணிக்கு ஏற்ற கோடைத் திங்கள் சிலவே உள்ள இடத்தில், இரண்டு மாதத் தாமதம் ஓராண்டுத் தாமதமாகிவிடும்.

தேர்ச்சியை அளப்பது எப்படி?

பத்து மாணவர் உள்ள வகுப்பில் ஒரு குழந்தை பின்தங்கினால் தேர்ச்சி விகிதம் 10 சதவீதம் சரிகிறது. மறு ஆண்டு அக்குழந்தை வேறு பள்ளிக்குச் சென்றால் அது மீண்டும் உயர்கிறது. இவ்வேற்ற இறக்கத்தைக் கொண்டு பள்ளியைப் பாராட்டுவதோ தண்டிப்பதோ பொருந்தாது. பல ஆண்டுகளின் சராசரியும், ஒவ்வொரு குழந்தையின் படிப்படியான முன்னேற்றமுமே இங்கு நம்பத்தக்க அளவைகள்.

ஆசிரியர்–மாணவர் விகிதமும் இவ்வாறே ஏமாற்றும். எட்டுப் பேருக்கு இரு ஆசிரியர் என்றால் அது மிகச் சிறந்த விகிதம். எனினும் ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்து நடத்தும்போது, 800 மணி நேரத்தில் ஒரு வகுப்புக்கு ஆசிரியரின் நேரடிக் கவனம் சராசரியாக 320 மணி நேரமே கிட்டும். ஓர் ஆசிரியரின் இடம் காலியானால் அது 160 ஆகக் குறையும். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை பள்ளியில் இந்தி வழியே கற்க நேரும்போது இக்குறைவின் பாதிப்பு மேலும் கூடுகிறது. ஆகவே, பல வகுப்புகளை ஒருசேரக் கற்பிக்கும் பயிற்சியும், காலியிடங்களை உடனே நிரப்புதலும் கட்டடங்களைவிட முதன்மை பெறத்தக்கவை.

இணைப்பதா, காப்பதா?

பிறப்பு விகிதம் குறைந்ததாலும், பெற்றோர் பிழைப்புக்காகவும் பிள்ளைகளின் கல்விக்காகவும் வெளியூர் செல்வதாலும் மாணவர் தொகை சுருங்கி வருகிறது. மாணவரே இல்லாத பள்ளிகளை மூடவும், மிகச் சிலரே உள்ளவற்றை அருகிலுள்ள பள்ளிகளுடன் இணைக்கவும் இமாசல அரசு அண்மை ஆண்டுகளில் முற்பட்டுள்ளது. இணைப்பினால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைக்கலாம். விளையாட்டும் தோழமையும் கிட்டும். ஆனால் சேமிக்கப்படும் ஊதியத்தை மட்டும் கணக்கிட்டு, ஆறு வயதுக் குழந்தை பனியில் நடக்க வேண்டிய தொலைவைக் கணக்கிடாமல் விட்டால், அது முழுமையான பொருளாதாரக் கணக்கு ஆகாது. பள்ளியில்லாச் சிற்றூர்க் குழந்தைகளுக்கு இலவசப் போக்குவரத்து அல்லது விடுதி வசதி அளிக்க வேண்டும் என்பது கல்வி உரிமை விதிகளிலேயே கூறப்பட்டுள்ளது. அவ்வசதி முதலில் அமைந்து, பிறகே இணைப்பு நிகழ்வது முறை.

சிறிய மாவட்டத்தின் தேவையை மாணவர் எண்ணிக்கையால் மட்டும் அளக்க இயலாது. தொலைவு, உயரம், பருவம் ஆகியவற்றுக்கும் நிதிப் பகிர்வில் இடம் தரப்படுமாயின், கடைக்கோடிக் கிராமத்தின் எட்டுக் குழந்தைகளுக்கும் சட்டம் அளித்த உரிமை ஏட்டளவில் நில்லாது வகுப்பறையை எட்டும்.