நிலம் பாதி, படிப்பு மீதி

ஜமைக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஒருவரின் கதை, உத்திரமேரூரிலிருந்து பார்க்கும்போது...

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. போன மாதம் அங்கே ஒரு பெரியவரைப் பார்த்தேன். மஞ்சள் பை நிறைய காகிதம்: வீட்டுமனைப் பட்டா, வில்லங்கச் சான்று, மகளின் மதிப்பெண் பட்டியல். "எல்லாத்துலயும் மூணு செட் போடு தம்பி, பேங்க்ல கேக்குறாங்க" என்றார். மகள் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறாளாம். மற்ற காகிதங்களையெல்லாம் கடைக்காரரிடம் கொடுத்தவர், பட்டாவை மட்டும் கொடுக்கவில்லை. தானே கண்ணாடிமேல் வைத்து, நகல் விழுந்ததும் தானே எடுத்து மடித்துக்கொண்டார்.

இதே ஊரில்தான் வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதில் உள்ள ஒரு விதியைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. ஊர்ச் சபைத் தேர்தலுக்கான ஓலையில் பெயர் எழுத, இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவனுக்கோ அரைக்கால் வேலி போதும். படித்தவனுக்கு நிலத்தில் பாதி தள்ளுபடி! அந்தப் படிப்பு அன்று யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது வேறு கதை.

நிலத்துக்கு ஈடாகப் படிப்பை வைக்கும் இந்தக் கணக்கு, கடல் கடந்த ஒரு குடும்பத்தை நினைவூட்டுகிறது. 2020, 2024 அமெரிக்கத் தேர்தல்களின்போது திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தில் வேட்பாளராக நின்ற கமலா ஹாரிஸுக்காகப் பூஜை நடந்தது, பேனர் கட்டினோம். அம்மா வழி ஊரைக் கொண்டாடியதில், அப்பாவை மறந்துவிட்டோம்.

கரும்புத் தோட்டத்துப் பேரன்

கமலாவின் அப்பா டொனால்ட் ஹாரிஸ் 1938-ல் ஜமைக்காவின் பிரவுன்ஸ் டவுனில் பிறந்தவர். ஒரு பாட்டிக்குக் கரும்புத் தோட்டம். இன்னொரு பாட்டிக்குக் கடை. பொருளாதாரத்தில் தனக்கு முதலில் ஆர்வம் வந்தது கடைக்காரப் பாட்டியால்தான் என்று பின்னாளில் எழுதினார். காலனி அரசின் உதவித்தொகை கிடைத்தது. அதை வாங்கியவர்கள் வழக்கமாகப் பிரிட்டனுக்குத்தான் போவார்கள். இவர் 1961-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அந்த நாளில் அமெரிக்காவில் குடியேற நினைத்தவர்களுக்கு வாசல் குறுகலானது. இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர்தான் ஒதுக்கீடு. 1952 சட்டப்படி, காலனியாக இருந்த ஜமைக்காவுக்கும் அதே 100. மாணவர் விசா மட்டும் இந்த எண்ணிக்கைக்கு வெளியே. படிப்பு என்ற அந்தப் பக்கவாட்டுக் கதவு வழியாகவே, பின்னாளில் கமலாவின் அம்மாவான சியாமளா கோபாலனும் 1958-ல், 19 வயதில் பெர்க்லிக்கு வந்திருந்தார். முதல் வருடச் செலவுக்கு அவருடைய அப்பா பி.வி.கோபாலன் கை வைத்தது, ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த பணத்தில்.

ஒரு திண்ணை கிடைத்தது

1962-ல் பெர்க்லியில் கறுப்பின மாணவர்களின் படிப்பு வட்டம் ஒன்று நடந்தது. வரலாறு, இலக்கியம், அரசியல் என்று பேசித் தீர்க்கிற இடம். ஒரு நாள் ஹாரிஸ், காலனி ஆட்சியில் வளர்ந்த தன் அனுபவத்தைப் பேசினார். பேச்சு முடிந்ததும், சேலை கட்டிய ஒரு பெண் எழுந்து வந்து பேச்சுக் கொடுத்தார். பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட நாட்டிலிருந்து வந்த சியாமளாவுக்கு அந்தக் கதை அந்நியமாக இருந்திருக்காது. 1963-ல் திருமணம்.

1964-ல் சியாமளாவுக்கு முனைவர் பட்டம், 1966-ல் ஹாரிஸுக்கு. பிறகு அவருக்கு ஊர் ஊராக ஆசிரியர் வேலை: இல்லினாய், விஸ்கான்சின், 1972-ல் ஸ்டான்ஃபோர்ட். அங்கே நிலையான பதவி சும்மா கிடைக்கவில்லை. அவருடைய மாற்றுப் பொருளாதாரப் பார்வை துறையில் சிலருக்குக் கசந்தது. மாணவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டுப் போராடினார்கள். ஸ்டான்ஃபோர்ட் பொருளாதாரத் துறையில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

வீட்டில் கணக்கு வேறு மாதிரி முடிந்தது. 1970-களின் தொடக்கத்தில் விவாகரத்து. மகள்கள் யாரிடம் வளர்வது என்று வழக்கு. கரீபியத் தீவுகளிலிருந்து வந்த அப்பனுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்ற எண்ணத்தின் மேல்தான் தீர்ப்பு நின்றது என்று பல வருடம் கழித்து ஹாரிஸ் வேதனையோடு எழுதினார். பேராசிரியர் பதவியும் அந்த எண்ணத்தை மாற்றவில்லை.

இவர் வாழ்க்கை சொல்வது இதைத்தான்: படிப்பு கதவைத் திறந்துவிடும். உள்ளே போனவன் உட்கார, தன் கதையைக் கேட்கிற மனிதர்கள் உள்ள ஒரு திண்ணை வேண்டும். இங்கிருந்து போகிற பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லித் தருகிறோம். இந்தத் திண்ணையைத் தேடச் சொல்லித் தருவதில்லை. இத்தனைக்கும் 2023-24-ல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3.31 லட்சம் பேர்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பட்டாவை வங்கியில் வைக்குமுன் உதவித்தொகை உண்டா என்று விசாரியுங்கள். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கானது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். மொத்த இடங்கள் 125. அதில் நிலமற்றவர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் சேர்த்து, நாடு முழுவதற்கும் 4.