கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும் காற்று

சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்பதைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் தெரிந்துகொள்ளலாம். கார் டயரில் காற்று நன்றாக இறங்கிவிட்டால் அது பிதுங்கி நிற்பது தூரத்திலிருந்தே தெரியும். பிசினஸ் ஜெட் விமானத்தின் டயரில் இந்த இரண்டு சோதனையும் எடுபடாது.

லியர்ஜெட் 60 என்ற சிறிய ஜெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பிரதான சக்கரங்கள் நான்கு. ஒவ்வொரு பக்கக் காலிலும் ஒரு ஜோடி. டயரின் உயரம் நம் ஸ்கூட்டர் டயர் அளவுதான். அந்த நான்கும் சேர்ந்துதான் பத்து டன்னுக்கும் மேற்பட்ட விமானத்தின் பெரும்பகுதி எடையைச் சுமந்தபடி மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் உருள வேண்டும். கார் டயரில் 32 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று பிடிக்கிறோம். இதில் 200-க்கும் மேல். நைலான் இழைகளைப் பல அடுக்காக வைத்து முறுக்கேற்றிய சுவர் என்பதால் மூன்றில் ஒரு பங்கு காற்று போனாலும் டயர் விறைப்பாகவே நிற்கும். ஜோடி டயர் நன்றாக இருந்தால், பாரத்தை அது தாங்கிக்கொண்டு பக்கத்து டயரின் குறையை மறைத்துவிடும்.

காற்று இறங்க ஓட்டை விழ வேண்டியதில்லை. எவ்வளவு நல்ல ரப்பராக இருந்தாலும் அதன் வழியே வாயு மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். விமான டயர்களில் 24 மணி நேரத்துக்கு 5 சதவீதம் வரை இறங்குவதைத் தரக்கட்டுப்பாடே அனுமதிக்கிறது. ஆகவே டயர் பழுதில்லை என்பதற்கும் அழுத்தம் சரியாக இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. என் கணிப்பில், விமானப் பராமரிப்பில் முதலில் மனத்தில் பதிய வேண்டிய பாடம் இதுதான்.

2008 செப்டம்பர் 19, நள்ளிரவை நெருங்கும் நேரம். அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் கொலம்பியா விமான நிலையத்திலிருந்து ஒரு லியர்ஜெட் 60 கலிபோர்னியாவுக்குக் கிளம்பியது. பைலட்கள் இருவர், பயணிகள் நால்வர். ஓடுபாதையில் விமானம் வேகம் பிடித்து, இனி நிறுத்தக் கூடாது, எழும்பியே ஆக வேண்டும் என்கிற ‘வி-1’ வேகத்தைத் தாண்டிய ஓரிரு நொடிக்குள் டயர் வெடித்தது. தொடர்ந்து மற்றவையும் சிதறின. கேப்டன் பறப்பதைக் கைவிட்டு நிறுத்த முயன்றார். விமானம் ஓடுபாதையைத் தாண்டி, வேலியை உடைத்து, சாலையைக் கடந்து, மண்மேட்டில் மோதி எரிந்தது. நால்வர் இறந்தார்கள். இருவர் பலத்த தீக்காயங்களோடு பிழைத்தார்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் புலனாய்வாளர்கள் டயர் துண்டுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். அந்த டயர்களில் நாளொன்றுக்குச் சுமார் 2 சதவீதம் அழுத்தம் இறங்கியது. 15 சதவீதம் குறைந்தால் டயரையே மாற்ற வேண்டும் என்பது விதி. அந்த எல்லையைத் தொட எட்டு நாள் போதும். ஆனால் கடைசியாக அழுத்தம் பார்த்து ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காற்று குறைந்த டயர்களோடுதான் அந்த விமானம் அன்றிரவு ஓடியது.

காற்று குறைந்தால் டயருக்குள் என்ன ஆகிறது? ஒரு கம்பியை எடுத்து ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தி, மறுபடி மடக்கி நிமிர்த்திப் பாருங்கள், மடிப்பு சுடும். டயரின் சுவர் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் மடங்கி நிமிர்கிறது. விமானம் எழும்பும் வேகத்தில் அந்தச் சின்ன டயர் நொடிக்கு ஏறக்குறைய 50 முறை சுற்றுகிறது. காற்று குறையக் குறைய மடிப்பு ஆழமாகும், சூடும் ஏறும். ரப்பர் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. அதனால் உள்ளே நைலான் இழைகள் இளகிக்கொண்டிருக்க, வெளியே தொட்டுப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருமுறை இப்படி வெந்த இழை பிறகு காற்று நிரப்பினாலும் பழைய வலுவுக்குத் திரும்பாது. அதனால்தான் ஒரு டயரில் அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தால், அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த ஜோடி டயரையும் கழற்றிவிடச் சொல்கிறார்கள்.

கொலம்பியாவில் இன்னொரு கேடும் சேர்ந்தது. சிதறிய துண்டுகள் சக்கரக் கால் பகுதியிலிருந்த ஹைட்ராலிக் குழாய்களையும் மின்கம்பிகளையும் தாக்கின. விமானம் தரையில் நிற்கிறதா, வானில் பறக்கிறதா என்று சொல்லும் சமிக்ஞை அந்த வழியேதான் போகிறது. அது அறுந்ததும், விமானம் வானில் இருப்பதாக இயந்திர அமைப்பு முடிவுகட்டிவிட்டது. வேகத்தைக் குறைக்க இன்ஜின் விசையை முன்பக்கமாகத் திருப்பும் ‘த்ரஸ்ட் ரிவர்சர்’ வானில் திறந்தால் பேராபத்து. ஆகவே அமைப்பு அதைத் தானாக மூடியது. பைலட்களின் கையோ நெம்புகோலை இழுத்தபடி இருந்தது. நிறுத்துவதற்காக அவர்கள் கேட்ட விசை, விமானத்தை முன்னோக்கித் தள்ளியது. வெடித்த டயரை மட்டும் பார்த்தால் இந்த விபத்தின் பாதிதான் புரியும்.

விதிகளில் இருந்த ஒரு முடிச்சும் விசாரணையில் வெளிவந்தது. டயர் அழுத்தம் பார்ப்பது ‘பராமரிப்பு வேலை’. வாடகை விமானத்தின் பைலட் அதைச் செய்யக் கூடாது என்பதே விமானத் துறையின் அன்றைய விளக்கம். பறப்பதற்கு முன் அவர் கண்ணால் பார்க்கலாம். அழுத்தமானியை வைத்துப் பார்க்கக் கூடாது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைக் கண்ணால் பார்க்கச் சொன்ன விதி அது. பைலட்களே அளந்து பார்க்க அனுமதியுங்கள் என்று 2010-இல் தந்த அறிக்கையில் வாரியம் பரிந்துரைத்தது. கொலம்பியா விபத்துக்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1991 ஜூலை 11 அன்று, ஹஜ் யாத்திரை முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு ஜெட்டாவிலிருந்து கிளம்பிய டிசி-8 விமானம் காற்று குறைந்த டயரில் பற்றிய தீயால் விழுந்து 261 பேர் மாண்டிருந்தார்கள். அதை நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

ஒழுங்காகச் செய்தால் இது எளிய வேலை. தரையிறங்கிய டயர் சூடாக இருக்கும்போது மானி கூடுதலாகக் காட்டும் என்பதால் இரண்டு மூன்று மணி நேரமாவது ஆறவிட வேண்டும். அதற்கு விடியற்காலைதான் தோது. வெப்பநிலை 3 டிகிரி மாறினால் அழுத்தம் சுமார் 1 சதவீதம் மாறும். வெயில் ஊரிலிருந்து குளிர்ந்த ஊருக்குப் போகும் விமானத்துக்கு இதையும் கணக்கில் சேர்ப்பார்கள். நிரப்புவது நைட்ரஜன்தான், சாதாரணக் காற்று அல்ல. பிரேக் சூட்டில் டயருக்குள்ளிருக்கும் ஆக்சிஜன் வெடிப்பைத் தூண்டிவிடும். 1986-இல் மெக்சிகோவில் காற்று நிரப்பிய டயர் வெடித்து விமானம் விழுந்ததில் 167 பேர் இறந்தார்கள்.

டெக்னீஷியன் சக்கரத்தருகே மண்டியிட்டு வால்வு மூடியைத் திருகி எடுக்கிறார். மானியை வைக்கும்போது ‘இஸ்’ என்று ஒரு துளி வாயு வெளியேறுகிறது. முள் நின்ற இடத்தை, எந்தச் சக்கரம், எத்தனை மணி, எத்தனை டிகிரி என்பதோடு பதிவேட்டில் குறிக்கிறார். நேற்றைய எண்ணை ஒட்டி இன்றைய எண். வால்வின் வாயில் ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டுப் பார்க்கிறார். நுரை எழவில்லை. மூடியைத் திருகிவிட்டு அடுத்த சக்கரத்துக்கு நகர்கிறார்.