எட்வேர்ட்ஸ், ரீட், பெக்

கொழும்பில் 1923 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற எட்வேர்ட்ஸ், ரீட், பெக் என்னும் கட்டடக்கலை நிறுவனம், அப்பெயருக்குரிய மூவரும் இல்லாத காலத்திலேயே பெரும்புகழ் எய்தியது. பங்காளருள் எஞ்சியிருந்த ரீட் 1952 இல் காலமானார். சட்டத்தொழிலைத் துறந்து அவரிடம் தொழில் பயில வந்திருந்த ஜெப்ரி பாவா, பின்னர் இலண்டனிற் கற்று 1957 இல் தேர்ச்சிபெற்று மீண்டு, நலிந்துகிடந்த நிறுவனத்தைப் பொறுப்பேற்றார்; பழைய பெயரை மாற்றினாரல்லர். தென்மார்க்கு நாட்டவரான உல்ரிக் பிளெஸ்னர் அவருக்குத் துணையாயினார்.

அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினாற் கண்ணாடியும் உருக்கும் அரியவாயின. ஓடு, மரம், கருங்கல் என உள்நாட்டிற் கிடைத்தவற்றையே கொள்ளவேண்டியதாயிற்று. இக்குறையே அவர்தம் பாணிக்கு வித்தாயிற்று எனல் மிகையாகாது. 1962 இல் நிறைவுற்ற ஏனா டி சில்வாவின் கொழும்பு இல்லம் நடுமுற்றத்தைச் சூழ்ந்து அமைந்தது. நம் நாற்சார் வீடுகளில் வாழ்ந்தோர்க்கு அஃது அத்துணைப் புதுமையன்று.

பிளெஸ்னர் நாடு நீங்கியபின், தமிழரான பொறியியலாளர் கலாநிதி பூலோகசுந்தரம் பாவாவின் பங்காளராகி இருபதாண்டுகள்வரை உடனுழைத்தார். 1982 இல் திறக்கப்பெற்ற நாடாளுமன்றம் அக்காலத்தது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில், நீர்நடுவே செப்புக்கூரைகளுடன் அது நிற்கக் காண்போர் பாவாவின் பெயரையே கூறுவர். பொறியியலாளர் யாவரென வினவுவார் மிகச் சிலரே.