வீட்டைப் பூட்டிப் புறப்படும் முன்

'கேரவன்' என்னும் சொல்லைத் தமிழர்களாகிய நாம் பெரும்பாலும் திரைப்பட நடிகர்களோடு சேர்த்தே கேட்டிருக்கிறோம். படப்பிடிப்பு இடைவேளைகளில் அவர்கள் ஏறி அமர்ந்து இளைப்பாறும் வண்டி அது. படுக்கையும் சிறு அடுப்படியும் கழிவறையும் கொண்ட அதே வண்டியில் அறுபதைக் கடந்த இருவர் காடு பார்க்கப் போகலாம் என்னும் எண்ணம், பணி ஓய்வுக்குப் பின் வந்த மூன்றாவது நவம்பரில் எங்களுக்குத் தோன்றியது. தில்லியின் நவம்பர்ப் புகைமூட்டத்தை நுகர்ந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் கரோல் பாக்வாசிகள். மத்திய அரசுப் பணிக்காகத் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இரண்டு மூன்று தலைமுறைகளாக இப்பகுதியில் வேரூன்றியுள்ளன. 1923-இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று பூசா சாலையில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பயின்றதும் அங்கேதான். இன்று மகள் பெங்களூரில், மகன் டொராண்டோவில். வீட்டில் நாங்கள் இருவரும், எண்பத்தெட்டு வயதான அம்மாவும். அம்மாவை யாரிடம் விட்டுச் செல்வது என்ற கேள்வியே எங்கள் பயணத்தை இரண்டாண்டுகள் தள்ளிப்போட்டது. உடன் தங்கிப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஒரு பெண்மணி அமைந்த பிறகுதான் துணிந்தோம்.

வண்டியை விலைக்கு வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று முதலில் ஆராய்ந்தோம். பழைய வேன் ஒன்றை வாங்கி உள்ளே படுக்கை அமைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். கேட்க எளிதாக இருந்தது. சட்டம் அவ்வளவு எளிதன்று. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் பிறப்பித்த ஆணையையும் மறந்துவிடலாகாது. எனவே ஓட்டுநரோடு வாடகைக்கு எடுப்பதே உசிதம் என்று முடிவு செய்தோம். வண்டி எங்கள் சந்துக்குள் நுழையாது. பெட்டிகளைச் சுமந்து சென்று பூசா சாலையில்தான் ஏறினோம்.

செலவைப் பற்றித் தயங்கியபோதெல்லாம் கொச்சியில் தேநீர்க்கடை நடத்திய விஜயன் – மோகனா தம்பதியரை நினைத்துக்கொண்டோம். கடை வருமானத்தில் சேமித்து, போதாததற்குக் கடன் வாங்கி, நாடு சுற்றித் திரும்பி, கடனை அடைத்துவிட்டு அடுத்த பயணத்துக்குத் திட்டமிட்டவர்கள் அவர்கள். இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தனர். ரஷ்யப் பயணம் முடித்துத் திரும்பிய சில வாரங்களில், 2021 நவம்பரில் விஜயன் காலமானார். கடன் வாங்கிப் பயணம் போவதை நாங்கள் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர்கள் சொல்லாதது எங்களுக்குப் பிடித்திருந்தது.

முதல் நிறுத்தம் பரத்பூர். அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா 1985-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர்தான். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு மிதிவண்டி ரிக்‌ஷாவில் உள்ளே சென்றோம். ரிக்‌ஷா ஓட்டுபவரே பறவைகளின் பெயர் சொல்லி வழிகாட்டினார். ஒருகாலத்தில் சைபீரியக் கொக்குகள் குளிர்காலம்தோறும் இங்கே வந்துகொண்டிருந்தன. 2002-க்குப் பிறகு அவை வரவில்லை. அவை நின்ற நீர்ப்பரப்பைக் காட்டும்போது அவருடைய குரல் தாழ்ந்தது.

நவம்பர் என்றாலே ஓய்வூதியர்களுக்கு வாழ்நாள் சான்றிதழின் மாதம். 2014-இல் அறிமுகமான 'ஜீவன் பிரமாண்' முறையால், பரத்பூரில் வண்டியின் படியில் அமர்ந்தபடியே கைபேசியின் முன் முகத்தைக் காட்டி, உயிரோடிருப்பதை அரசுக்குத் தெரிவித்தோம். பின்னணியில் மயில் அகவியது.

அடுத்தது ரணதம்போர். வெளிநாட்டுப் பூங்காக்களில் கேரவனைக் காட்டுக்குள்ளேயே நிறுத்தி இரவு தங்குவார்கள் என்று படித்துவிட்டு, அதை இங்கே எதிர்பார்க்கலாகாது. நம் புலிகள் காப்பகங்களில் சொந்த வண்டிக்கு இடமில்லை. அனுமதி பெற்ற ஜிப்சியிலோ கேன்டரிலோதான் செல்ல வேண்டும். மறுநாள் விடியலில் அவ்வாறே சென்றோம். உள்ளே கைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. புலியைக் கண்ட மகிழ்ச்சியோடு பத்து மணியளவில் வெளியே வந்தபோது, எடுக்கப்படாத அழைப்புகள் பதினேழு இருந்தன.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அண்டை வீட்டார் மருத்துவமனையில் சேர்த்திருந்தனர். மகள் விமானத்தில் கிளம்பிவிட்டாள். சவாய் மாதோபூரிலிருந்து பிற்பகல் ரயிலில் ஒரே ஓர் இடம் கிடைத்தது. எங்களில் ஒருவர் அதில் ஏறினார். இரவில் வண்டி ஓட்டலாகாது என்பது வாடகை ஒப்பந்தம். ஆதலால் மற்றவர் கேரவனோடு தில்லி வந்து சேர மறுநாள் மாலையாகிவிட்டது.

அந்த ஒரு நாளில் நாங்கள் கற்றவற்றைச் சொல்லவே இக்கட்டுரை.

அப்பாவின் வருங்கால வைப்பு நிதிப் பணம் அம்மாவின் தனிப்பெயரில் சேமிப்புக் கணக்கில் இருந்தது. நாமினி எங்கள் மகள். அவசரத்துக்கு அவள் எடுத்துக்கொள்வாள் என்று நாங்கள் அனைவரும் நம்பியிருந்தோம். நாமினிக்கு, அதாவது நியமனதாரருக்கு, கணக்கு வைத்திருப்பவர் உயிரோடிருக்கும் வரை எந்த உரிமையும் இல்லை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்று விதி விரிவடைந்துள்ளது. நால்வரானாலும் நிலை இதுவே.

இரண்டாவது வியப்பு எங்கள் சொந்த வைப்புத்தொகையில் காத்திருந்தது. அது 'இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியவர்' என்னும் முறையில் இருந்தது. எவரேனும் என்றால் எவரேனும்தானே என்று, ரயிலில் வந்தவர் ரசீதோடு வங்கிக்குச் சென்றார். அச்சலுகை முதிர்வு நாளில் பணம் பெறுவதற்கு. முதிர்வுக்கு முன்பே முறிப்பதானால் இருவரின் கையொப்பமும் வேண்டும். இருவரில் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் சேமிப்பைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. எங்களுக்கு அன்று இடையூறாக இருந்தாலும் விதி நியாயமானதே. முன்பணத்தை மகள் தன் கடன் அட்டையில் செலுத்தியிருந்தாள். மறுநாள் நாங்கள் இருவரும் கையொப்பமிட்ட பிறகே மீதி கட்டப்பட்டு, அறுவை நடந்தது.

அம்மாவால் சில வாரங்களுக்குப் பேனா பிடிக்க இயலவில்லை. இத்தகைய நிலைக்கு ரிசர்வ் வங்கி ஏற்கெனவே வழி வகுத்திருக்கிறது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் பெறலாம். சாட்சிகளுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். அதிகாரி ஒருவர் மருத்துவமனைக்கே வந்தார். தன் பணத்தில்தான் தன் மருத்துவம் நடக்க வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். ரேகை வைத்த விரலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி இறுதி வரை படித்தவர் அவர்.

வீடு திரும்பியபின் சில மாற்றங்களைச் செய்தோம். அம்மாவின் சேமிப்புக் கணக்கில் எங்களில் ஒருவரைக் கூட்டாகச் சேர்த்தார். கூட்டுக் கணக்கு வேண்டாம் என்போர், நம்பிக்கையான ஒருவர் கணக்கை இயக்க வங்கிக்கு அதிகார மடல் எழுதித் தரலாம். அது கணக்குதாரரின் மரணத்தோடு செல்லாததாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் பிறரிடம் விட்டுச் செல்வது இதற்கு மாற்றாகாது. இழப்பு நேர்ந்தால் பொறுப்பு நம்முடையதே.

எங்கள் பெரிய வைப்புத்தொகையைப் புதுப்பிக்கும்போது பல சிறு தொகைகளாகப் பிரித்தோம். ஒன்றை முறித்தாலும் மற்றவற்றின் வட்டி குலையாது. அவற்றுள் இரண்டை ஆளுக்கொன்றாகத் தனிப்பெயரில் வைத்து, மற்றவரை நாமினியாக்கினோம். கூட்டாக உள்ளவற்றுக்கு இன்னொரு கடிதமும் கொடுத்தோம்: எங்களில் ஒருவர் காலமானால், எஞ்சியவர் முதிர்வுக்கு முன்பும் தொகையைப் பெறலாம் என்னும் கூட்டு ஒப்புதல். அதில் கையொப்பமிடும்போது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மகள் எங்களைக் கடிந்துகொண்டாள். விழுந்ததற்காக அன்று, இவற்றையெல்லாம் புறப்படும் முன் அவளிடம் சொல்லாததற்காக. இப்போது எந்தக் கணக்கு எந்தக் கிளையில், எந்த முறையில் உள்ளது என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு படியை அவளிடமும் ஒன்றை மகனிடமும் கொடுத்திருக்கிறோம். கடவுச்சொற்கள் அதில் இல்லை.

கார்பெட் பூங்கா இன்னும் பாக்கியிருக்கிறது. அதன் திகாலா பகுதி ஜூன் நடுப்பகுதி வரை திறந்திருக்கும். பிப்ரவரிக்கு வண்டி கேட்டிருக்கிறோம். அந்நாள்களில் மகள் கரோல் பாக்கில் வந்து தங்குவதாகச் சொல்லியிருக்கிறாள். ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கிவிட்ட அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த வண்டியில் ஏறுவதற்குப் படிகள் எத்தனை என்று விசாரித்தார்.